மூத்த நட்சத்திர ரிசீவர் டிரேட்

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில், முப்பது வயதை நெருங்கிய அல்லது கடந்த பேர்பெற்ற வைட் ரிசீவர் ஒருவரை, டிராஃப்ட் தேர்வுகளைக் கொடுத்து இன்னோர் அணியிடமிருந்து வாங்கிக்கொள்வது பல ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கம். குவார்ட்டர்பேக் எறியும் பந்தை எதிரணிக் காவலரைத் தாண்டி ஓடிப் பிடிப்பவரே ரிசீவர். இந்த ஆட்டத்தில் கால் வேகத்தை அதிகம் நம்பியிருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. வயது முதலில் கைவைப்பதும் அந்த வேகத்தில்தான். அதனால் மூத்த ரிசீவரை வாங்குவது லாபமா என்ற கேள்வி ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. கிடைத்துள்ள விடை சீரானதல்ல. மலிவாக வாங்கியவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள். பெயருக்கு விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

விலை

என்எஃப்எல்லில் வீரர்கள் கைமாறும்போது அணிகளுக்குள் பணம் பெரிதாகப் புழங்குவதில்லை. டிராஃப்ட் தேர்வுதான் அங்கே நாணயம். ஒவ்வோர் இளவேனிலிலும் கல்லூரி வீரர்களை 32 அணிகளும் 7 சுற்றுகளாக முறைவைத்து எடுத்துக்கொள்கின்றன. எந்தத் தேர்வுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு 1990-களின் தொடக்கத்தில் டல்லஸ் கௌபாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில் ஒரு அட்டவணை போடப்பட்டது. அதன்படி முதல் தேர்வுக்கு 3000 புள்ளி, நான்காம் சுற்றில் வரும் 110-ஆவது தேர்வுக்கு 74 புள்ளி. இந்த 110 என்ற எண் இக்கட்டுரையில் இரண்டு டிரேடுகளில் திரும்ப வரும்.

டிராஃப்டில் வரும் இளைஞன் நான்கு ஆண்டுகளுக்குக் குறைந்த சம்பளத்தில் ஆடுவான். முப்பது வயது நட்சத்திரத்தின் சம்பளமோ பல மடங்கு. அணி மொத்தமாகச் செலவிடக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2024-இல் அது 25.54 கோடி டாலர். ஐபிஎல் ஏலத்தில் கைவசத் தொகையைப் பார்த்துப் பார்த்துக் கையைத் தூக்குவதைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒப்பந்தத்தின்போது கொடுத்த போனஸை அணிகள் பல ஆண்டுக் கணக்குகளில் பிரித்து எழுதிவைக்கின்றன. வீரரை விற்றால், இன்னும் எழுதாத பாக்கி முழுவதும் விற்றவர் தலையில் விழும். இதை ‘டெட் மணி’ என்பார்கள். வாங்குபவர் அதில் ஒரு காசும் ஏற்க வேண்டியதில்லை. வரப்போகும் சம்பளத்தை மட்டும் கொடுத்தால் போதும். பெரிய பெயர்கள் சில சமயம் அடிமாட்டு விலைக்குக் கைமாறுவதற்கு வயது பாதிக் காரணம் என்றால், இந்தக் கணக்கு மறுபாதி.

ராண்டி மாஸ், 2007

இந்த வகை டிரேடுகளில் எல்லாரும் சுட்டிக்காட்டும் வெற்றி இதுதான். 1998-இல் மினசோட்டா வைக்கிங்ஸுக்கு வந்த முதல் ஆண்டிலேயே 17 டச் டவுன்களுக்கு (எதிரணி எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பது) பந்து பிடித்தவர் மாஸ். 2005-இல் ஓக்லண்ட் ரைடர்ஸ் அவரை வாங்க முதல் சுற்றுத் தேர்வு (மொத்த வரிசையில் 7-ஆவது), நெப்போலியன் ஹாரிஸ் என்ற வீரர், ஒரு கடைசிச் சுற்றுத் தேர்வு என அள்ளிக் கொடுத்தது. அங்கே எல்லாம் கெட்டது. 2006-இல் ஓக்லண்ட் 16 ஆட்டங்களில் 2 மட்டுமே வென்றது. மாஸ் பிடித்தவை 42. கால் போய்விட்டது, மனமும் போய்விட்டது என்று பேச்சு.

2007 டிராஃப்ட் வார இறுதியில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அவரை வாங்கிக்கொண்டது. கொடுத்தது நான்காம் சுற்றுத் தேர்வு ஒன்று: 110. மாஸுக்கு அப்போது 30 வயது. தன் பழைய சம்பளத்தை விட்டுக்கொடுத்து 30 லட்சம் டாலர் அடிப்படையிலான ஓராண்டு ஒப்பந்தத்துக்கு இறங்கிவந்தார். அந்தப் பருவத்தில் 98 பிடிப்பு, 1,493 யார்டு, 23 டச் டவுன். ஒரே பருவத்தில் ஜெர்ரி ரைஸ் 1987-இல் எடுத்திருந்த 22 என்ற சாதனை போனது. (ரைஸ் அந்த 22-ஐ வேலைநிறுத்தத்தால் குறுகிய பருவத்தில் 12 ஆட்டங்களில் எடுத்தார் என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.)

23-ஆவது வந்த விதம் பார்க்கத்தக்கது. 2007 டிசம்பர் 29, ஜயன்ட்ஸ் ஸ்டேடியம். மாஸ் வலப்பக்கமாக எல்லாரையும் தாண்டி ஓடிவிட்டார். குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் பந்து சற்றுக் குறைவாக வந்தது. திரும்பி நின்று பிடிக்கப் பார்த்தார், நழுவியது. அடுத்த முயற்சியில் வேறு திட்டம் எதுவும் இல்லை. அதே ஓட்டம், அதே எறிதல், இம்முறை ஓட்டத்தைக் குறைக்காமலே கைக்குள் விழுந்தது. 65 யார்டு. பிரேடிக்கு அது பருவத்தின் 50-ஆவது டச் டவுன். அன்றைய வெற்றியோடு பேட்ரியட்ஸ் 16–0 (16 வெற்றி, தோல்வி இல்லை). பின்னர் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் அதே நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 17–14 எனத் தோற்றது வேறு கதை.

கணக்குப் பிள்ளைகள் ரசிப்பது இதற்குப் பின் நடந்ததை. மூன்று முழுப் பருவங்கள் ஆடவைத்து, 2010 அக்டோபரில் மாஸை மினசோட்டாவுக்கே விற்றது பேட்ரியட்ஸ். கிடைத்தது மூன்றாம் சுற்றுத் தேர்வு. நான்காம் சுற்றுக்கு வாங்கி, 50 டச் டவுன் எடுத்துக்கொண்டு, மூன்றாம் சுற்றுக்கு விற்றிருக்கிறார்கள். 33 வயது மாஸை வாங்கிய மினசோட்டா நாலே ஆட்டங்களில் அவரைக் கழற்றிவிட்டது. ஒரே வீரர் இந்த டிரேடின் நல்ல முகம், கெட்ட முகம் இரண்டுக்கும் சான்றாக நிற்கிறார்.

வேகம் ஒன்று, கை ஒன்று

ஆன்குவான் போல்டின் ஒருபோதும் வேகக்காரர் அல்லர். 2003-இல் தேர்வுச் சோதனையில் 40 யார்டை 4.7 விநாடிக்கு மேல் ஓடினார். ரிசீவருக்கு அது மந்தம். ஆனாலும் முதல் பருவத்திலேயே 101 பந்து பிடித்தார். உடம்பைக் காவலருக்கும் பந்துக்கும் நடுவில் வைத்து, இடித்தாலும் விடாமல் பிடுங்கிக்கொள்வது அவர் பாணி. பால்டிமோர் ரேவன்ஸுக்காக 2013 பிப்ரவரி சூப்பர் பௌலில் 104 யார்டு, ஒரு டச் டவுன். கோப்பை கைக்கு வந்த சில வாரங்களில் அணி அவரிடம் சம்பளத்தில் 20 லட்சம் டாலரைக் குறைக்கக் கேட்டது, மறுத்தார். அவர்கள் சூப்பர் பௌலில் தோற்கடித்த சான் ஃபிரான்சிஸ்கோ 49-யர்ஸுக்கே, ஆறாம் சுற்றுத் தேர்வு ஒன்றுக்கு, அவர் அனுப்பப்பட்டார்.

செப்டம்பரில் முதல் ஆட்டம், கிரீன் பே பேக்கர்ஸுக்கு எதிராக: 13 பிடிப்பு, 208 யார்டு. அந்தப் பருவத்தில் 1,179 யார்டு, அடுத்ததில் 1,062. அப்போது வயது 32, 33, 34 என்று போய்க்கொண்டிருந்தது. கொடுத்த விலைக்கும் எடுத்த பலனுக்கும் இருந்த இடைவெளியை வைத்துப் பார்த்தால், மாஸ் டிரேடுக்கு அடுத்த இடம் இதற்குத்தான் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஹூலியோ ஜோன்ஸ் இதற்கு நேர் எதிர். அட்லாண்டா ஃபால்கன்ஸில் பத்தாண்டு ஆடியவர். உயரமும் வேகமும் சேர்ந்த உடம்பு. 2021 ஜூனில், 32 வயதில், டென்னசி டைட்டன்ஸ் அவரையும் ஓர் ஆறாம் சுற்றுத் தேர்வையும் பெற்று, இரண்டாம் சுற்றையும் நான்காம் சுற்றையும் கொடுத்தது. 1.53 கோடி டாலர் சம்பளத்தையும் தலையில் ஏற்றுக்கொண்டது. முந்தைய பருவத்திலேயே தொடையின் பின்தசை அவரை ஏழு ஆட்டங்கள் உட்காரவைத்திருந்தது. டென்னசியிலும் அதே தசை. 10 ஆட்டம், 31 பிடிப்பு, 434 யார்டு, ஒரே ஒரு டச் டவுன். 2022 மார்ச்சில் விடுவித்தார்கள். அடுத்த மாதமே, அணியின் இளம் ரிசீவர் ஏ. ஜே. பிரவுனையும் சம்பளப் பேச்சு முறிந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு விற்றார்கள். ஆக, மூத்தவர் பெயரில் செலவான பிறகு இளையவரும் கையில் இல்லை.

வேகத்தை நம்பி வாழ்ந்தவருக்குத் தசை ஒருமுறை இழுத்தால் மறுமுறையும் இழுக்கும். கையையும் உடம்பையும் நம்பி ஆடியவர் இன்னும் இரண்டு மூன்று ஆண்டு ஓட்டுவார். மாஸ் இதற்கு விலக்கு. முப்பதிலும் அவர் ஓடினார்.

ஓர் ஆண்டுப் பலன்

நல்லபடி அமைந்தாலும் பலன் பெரும்பாலும் ஓர் ஆண்டோடு நின்றுவிடுகிறது. பிரண்டன் மார்ஷல் 2015-இல் ஐந்தாம் சுற்றுத் தேர்வுக்கு நியூயார்க் ஜெட்ஸுக்கு வந்தார். 109 பிடிப்பு, 1,502 யார்டு, 14 டச் டவுன். மறு ஆண்டு 788 யார்டு, 3 டச் டவுன், பிறகு வெளியே. டெரல் ஓவன்ஸ் 2004-இல் 30 வயதில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு வந்து 14 ஆட்டங்களில் 14 டச் டவுன் எடுத்தார். டிசம்பரில் கணுக்காலில் பலத்த காயம் பட்டு, மருத்துவர் ஒப்புதல் இல்லாமலே ஏழு வாரத்தில் சூப்பர் பௌலில் இறங்கி 122 யார்டு பிடித்தார். அணி 24–21 என நியூ இங்கிலாந்திடம் தோற்றது. அடுத்த பருவம் சம்பளத் தகராறில் ஏழு ஆட்டங்களோடு முடிந்தது.

அன்டோனியோ பிரவுன் அந்த ஓர் ஆண்டைக்கூடத் தரவில்லை. 2019 மார்ச்சில் ஓக்லண்ட் மூன்றாம், ஐந்தாம் சுற்றுகளைக் கொடுத்து வாங்கியது. குளிர்ச் சிகிச்சையில் பாதம் புண்ணானது; பழைய தலைக்கவசம்தான் வேண்டும் என்று சண்டை; அபராதம்; செப்டம்பர் 7-இல் விடுவிப்பு. ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. விற்ற பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கும் 2.11 கோடி டாலர் டெட் மணி விழுந்தது என்பதால், இதில் யாரும் முழுதாகச் சிரிக்கவில்லை.

டவான்டே ஆடம்ஸ் வேறு பாடம். 2022-இல் 29 வயதில் லாஸ் வேகஸ் ரைடர்ஸ் அவருக்காக முதல் சுற்றும் இரண்டாம் சுற்றும் கொடுத்தது. அவர் தன் பங்குக்கு 1,516 யார்டு, 14 டச் டவுன் எடுத்துக்கொடுத்தார். அணி 6–11. ரிசீவர் பழுதில்லை, ஆனால் ரிசீவர் மட்டும் போதாது.

பருவத்தின் நடுவே

இலையுதிர் காலத்தில், டிரேட் கெடு முடிவதற்குள் வாங்குவது தனி ரகம். அப்போது வாங்குபவருக்குத் தேவை அடுத்த மூன்று மாதம் மட்டுமே. 2019 அக்டோபர் 22 அன்று இரண்டு டிரேட் நடந்தன. நியூ இங்கிலாந்து இரண்டாம் சுற்றைக் கொடுத்து 30 வயது மொகமது சனுவை வாங்கியது. அவர் 26 பந்து பிடித்தார், அடுத்த பருவத்துக்கு முன்பே வெளியேற்றப்பட்டார். 49-யர்ஸ் மூன்றாம், நான்காம் சுற்றுகளைக் கொடுத்து 32 வயது இமானுவேல் சாண்டர்ஸையும் ஓர் ஐந்தாம் சுற்றையும் பெற்றது. டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸை 48–46 என வென்ற ஆட்டத்தில் சாண்டர்ஸ் 157 யார்டு பிடித்ததோடு தானே ஒரு டச் டவுன் பந்தும் எறிந்தார். அணி சூப்பர் பௌல் வரை போனது. அங்கே 24–20 எனப் பின்தங்கி, இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது சாண்டர்ஸ் கான்சஸ் சிட்டியின் காவலர்களைத் தாண்டிவிட்டார். ஜிம்மி கரோபலோ எறிந்த பந்து அவர் நீட்டிய கைக்கும் அப்பால் விழுந்தது.

2024 அக்டோபரில் ஆடம்ஸ் ஜெட்ஸுக்கும், அமாரி கூப்பர் பஃபலோ பில்ஸுக்கும், டிஆண்ட்ரே ஹாப்கின்ஸ் கான்சஸ் சிட்டி சீஃப்ஸுக்கும் சென்றார்கள். ஆடம்ஸ் 11 ஆட்டங்களில் 854 யார்டு எடுத்தும் ஜெட்ஸ் 5–12. மார்ச்சில் அந்த அணி அவரை விடுவித்தது. கூப்பர் 20 பந்து பிடித்தார். ஹாப்கின்ஸ் சூப்பர் பௌலில் ஒரு டச் டவுன் எடுத்தார், அணி ஃபிலடெல்ஃபியாவிடம் 40–22 எனத் தோற்றது.

விற்றவர் பக்கம்

2024 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ், 31 வயது கீனன் ஆலனைச் சிகாகோ பேர்ஸுக்கு விற்றது. முந்தைய பருவத்தில் 108 பந்து பிடித்தவர். விலை, நான்காம் சுற்று: 110. சிகாகோ 2.3 கோடி டாலர் சம்பளம் கொடுத்து 744 யார்டு பெற்றது, அணி 5–12.

மாஸை விற்ற ஓக்லண்ட் 2007-இல் தன் 110-இல் ஜான் போவி என்ற கார்னர்பேக்கை (ரிசீவரைத் தடுக்கும் காவலர்) எடுத்தது; அவர் நிலைக்கவில்லை. சார்ஜர்ஸ் தன் 110-ஐ அப்படிப் பயன்படுத்தவில்லை. கைவசம் இருந்த 37-ஆவது தேர்வோடு அதைச் சேர்த்துக் கொடுத்து 34-க்கு ஏறி, லாட் மெக்கான்கி என்ற ரிசீவரை எடுத்தது. முதல் பருவத்திலேயே அவர் 1,149 யார்டு பிடித்தார். 2025 ஆகஸ்டில், சிகாகோ ஒப்பந்தம் முடிந்த ஆலனைச் சார்ஜர்ஸ் மீண்டும் சேர்த்துக்கொண்டது. அதற்கு ஒரு தேர்வும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.