களையும் மண்ணும்: கண்டி மலைநாடு தரும் படிப்பினை

மழை பெய்து ஓய்ந்த சில நாட்களுக்குள் கண்டி நகரைச் சூழ்ந்த எந்தத் தோட்டத்தை நோக்கினும் களை தலைதூக்கி நிற்பதைக் காணலாம். அதனைக் கையாற் பிடுங்குவதா, மண்வெட்டியால் வெட்டுவதா, கடையில் விற்கும் மருந்தை வாங்கித் தெளிப்பதா என்பது வீட்டுத் தோட்டக்காரர் முதல் தேயிலைத் தோட்ட நிருவாகி வரை யாவர் முன்னும் நிற்கும் வினா. இயற்கை முறை நன்று, இரசாயன முறை தீது என ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுவது எளிது. ஆயினும் இம்மலைநாட்டின் இருநூறு ஆண்டு வரலாறு அத்தீர்ப்பை அவ்வாறே ஏற்றுக்கொள்ள விடுவதில்லை.

முதலிற் கண்டிப் பகுதியின் பழைய வீட்டுத் தோட்டத்தை நோக்குவோம். மேலே பலாவும் தென்னையும் கித்துளும். அவற்றின் நிழலிற் கமுகும் வாழையும். மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக் கொடி. அடியில் இஞ்சியும் மஞ்சளும். நிலத்தின் மீது உதிர்ந்த சருகு. இவ்வாறு அடுக்கடுக்காய் அமைந்த தோட்டத்தில் வெயில் தரையை எட்டுவது அரிது. ஒளியை நாடும் களைகள் அங்கே ஓங்கி வளர்வதில்லை. களையைக் கொல்லும் முறை அன்று இது. களைக்கு இடங்கொடாத முறை.

1820களில் இந்நிலை மாறத் தொடங்கியது. கம்பளைக்கு அண்மையிற் சிங்ஹாபிட்டியவில் ஜார்ஜ் பேர்டும், பேராதனைக்கு எதிரே கன்னொருவையில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸும் கோப்பித் தோட்டங்களை அமைத்தனர். அடுத்த சில பத்தாண்டுகளிற் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. மலைச்சரிவுகள் வெயிலுக்குத் திறந்து விடப்பட்டன. திறந்த நிலத்தைத் தேடி வருவதே களையின் இயல்பு. அழகுக்கென 1826ஆம் ஆண்டிற் பேராதனைப் பூங்காவுக்குக் கொணரப்பட்ட உண்ணிச்செடி வேலி தாண்டிப் பரவிப் பெருந்தொல்லை ஆயிற்று. இன்று களையெனப்படுவது நேற்று விருந்தாளியாக வந்தது என்பதற்கு அதுவே சான்று.

கோப்பித் தோட்டத் துரைமார் கைக்கொண்டது 'சுத்தக் களையெடுப்பு' என்னும் முறை. ஒரு புல்லும் எஞ்சாது தரை துடைத்தாற்போல் இருப்பதே நல்ல தோட்டத்திற்கு இலக்கணம் என அவர்கள் கருதினர். 1869ஆம் ஆண்டில் இலைத்துரு நோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித்தொழில் வீழ்ந்தது. ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர் அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறிற்று, களையெடுக்கும் வழக்கம் மாறவில்லை.

அவ்வேலையைச் செய்தோர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும் அவர்தம் வழிவந்தோருமே. கொந்தரப்பு முறையில் நிலத்தைப் பிரித்துக்கொண்டு, 'சுரண்டி' எனப்படும் கருவியால் புல்லைச் செதுக்கி எடுத்தனர். அதில் நஞ்சு ஒரு துளியும் இல்லை. ஆனால் சுரண்டி புல்லை மட்டும் எடுக்கவில்லை, மேல்மண்ணையும் பெயர்த்தது. போர்வை இழந்த சரிவின் மீது பருவமழை அடித்தபோது, தளர்ந்த மண் நீரோடு கலந்து கான் வழியே ஓடி, மகாவலி கங்கையைச் சேர்ந்தது. இயற்கை பல நூற்றாண்டுகளில் ஆக்கிய வளம் ஒரு சில தலைமுறையிற் கரைந்தது. மண்ணரிப்புப் பற்றி ஆராய்ந்த அரசாங்கக் குழுவின் அறிக்கை 1931ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 1951ஆம் ஆண்டில் மண்காப்புச் சட்டம் நிறைவேறிற்று. நஞ்சில்லாத முறையும் நிலத்திற்குக் கேடு செய்ய வல்லது என்பதை நாடு இவ்வாறு விலை கொடுத்து அறிந்தது.

இதற்கிடையே பிறிதோர் இயற்கை முறையும் இத்தீவிற் கையாளப்பட்டது. சப்பாத்திக்கள்ளியை ஒடுக்குவதற்காக 1865ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிலிருந்து ஒருவகைக் கள்ளிப்பூச்சி கொண்டுவரப்பட்டது. களையை அழிக்கவென ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குப் பூச்சியைக் கொண்டுசென்ற முதல் முயற்சிகளுள் இதுவும் ஒன்று. எனினும் ஒரு களைக்கே ஒரு பூச்சி உதவும். பலவகைக் களை கலந்து வளரும் தேயிலை மலைக்கு அவ்வழி போதுமானதன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இரசாயனக் களைநாசினிகளின் காலம் பிறந்தது. போர்க்காலத்திற் கண்டறியப்பட்ட 2,4-டி அகன்ற இலைக் களைகளை அழித்துப் புல்லினத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். 1962இல் விற்பனைக்கு வந்த பராகுவாட், பட்ட பச்சை இலையை ஓரிரு நாளிற் கருக்கும், வேரைக் கொல்லாது. 1974இல் வந்த கிளைபோசேற்று இலை வழியே புகுந்து வேர்வரை சென்று, தாவரம் தன் வளர்ச்சிக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களை ஆக்கவிடாது தடுக்கும். நிலத்தடிக் கிழங்கால் பெருகும் கோரை, இலுக்கு முதலியவற்றை ஒடுக்க இது பெரிதும் பயன்பட்டது. மருந்து தெளித்த நிலத்தில் மண் கிளறப்படுவதில்லை, காய்ந்த களை சில காலம் போர்வையாகக் கிடக்கும், ஆட்கூலியும் குறையும். சுரண்டியோடு ஒப்பிட்டால் இவை மெய்யான நன்மைகளே.

ஆனால் அந்நன்மைக்கும் விலை உண்டு. பராகுவாட்டை உட்கொண்டவரைக் காக்க மாற்றுமருந்து இல்லை. அதனால் நேர்ந்த உயிரிழப்புகளைக் கருதி, 2008 முதல் 2011 வரை படிப்படியாக அது இலங்கையில் விலக்கப்பட்டது. நஞ்சருந்தி மாள்வோர் தொகை அதன்பின் மேலும் குறைந்தது. பேராதனைக்கு அண்மையிற் கெட்டம்பையில் அமைந்த பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகத்தின் பணி எத்துணைப் பொறுப்பு வாய்ந்தது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தும்.

கிளைபோசேற்றின் கதை இத்துணைத் தெளிவானதன்று. வட மத்திய மாகாணத்து உழவரிடையே பரவிய சிறுநீரக நோய்க்கு அதுவே காரணம் என்னும் ஐயத்தால் 2015இல் அது தடைசெய்யப்பட்டது. அவ்வையம் உறுதியாக நிறுவப்படவில்லை. தேயிலைத் தோட்டங்களில் ஆட்பற்றாக்குறையால் களை மண்டியது. மாற்றாகப் பிற மருந்துகள் புகுந்தன. ஏற்றுமதித் தேயிலையில் அவற்றின் எச்சம் பற்றிய சிக்கல் எழுந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. 2021இல் இரசாயன உரம், மருந்து யாவற்றின் இறக்குமதியும் திடீரெனத் தடுக்கப்பட்டு, அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே அத்தடையும் கைவிடப்பட்டது. ஆயத்தமின்றி ஒரு முறையைத் துறப்பதும், ஆராயாது ஒன்றை ஏற்பது போலவே இடர் தரும்.

இவ்விரு முறைகளின் வரலாற்றையும் ஒருங்கே நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். மண்ணை வெறுமையாக்கும் எம்முறையும், சுரண்டியாயினும் மருந்தாயினும், மலைக்குப் பகை. மண்ணை மூடிவைக்கும் முறை அதற்கு நட்பு. தேயிலை ஆராய்ச்சியாளர் இன்று வலியுறுத்துவதும் இதனையே. புளியாரை போன்ற தீங்கற்ற சிறு பூண்டுகளை விட்டுவைத்துக் கொடிய களைகளை மட்டும் தேர்ந்து களைதல். கவ்வாத்து செய்த கிளைகளை அவ்விடத்திலேயே பரப்புதல். மறுநடுகைக்கு முன் குவாதமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ வளர்த்து நிலத்தைத் தேற்றுதல். செடிகளை நெருக்கமாக வளர்த்து நிழல் படரச் செய்தல் ஆகியவை அவ்வழிகள். இவற்றிற்கு அடங்காத களைக்கே, உரிய அளவில், உரிய காப்புடையோடு, மருந்து ஏற்றது.

காப்புடை என்பதை மறத்தல் தகாது. அன்று சுரண்டியோடு குனிந்தவரும், பின்னர் மருந்துக்கலத்தை முதுகில் சுமந்தவரும் ஒரே தோட்டத்துத் தொழிலாளரே. களை நீக்கும் முறையை ஒப்பிடுவோர் செலவையும் விளைவையும் மட்டும் கணக்கிட்டால் போதாது. அம்மலையின் மண்ணும், அம்மண்ணில் உழைப்பவரின் உடல்நலமும் அக்கணக்கில் முதலிடம் பெறல் வேண்டும். பலாவும் கமுகும் மிளகும் ஒன்றுக்கொன்று நிழலாய் நிற்கும் கண்டி வீட்டுத் தோட்டம் அக்கணக்கைப் பன்னெடுங் காலத்திற்கு முன்னரே போட்டு வைத்திருக்கின்றது.