மண்ணடுக்கும் மறைநூலும்

அமெரிக்கரான ஜி. எர்னஸ்ட் ரைட் (1909–1974), சிகாகோவின் மெக்கார்மிக் இறையியற் கல்லூரியில் பழைய ஏற்பாட்டைக் கற்பித்த பேராசிரியர். தொல்லியலறிஞர் ஆல்பிரைட்டின் மாணவர். 1956 முதல் அவர் நாப்லுஸ் நகரருகே பண்டைச் சீகேமை அகழ்ந்தார். மண்ணடுக்கையும் பானையோட்டையும் கொண்டு காலங்கணிக்கும் முறையை மாணவர் அங்கே பயின்றனர்.

கடவுள் வரலாற்றில் செயற்பட்டார் என்பதே ரைட்டின் இறையியல். ஆதலின், மறைநூல் கூறும் தலையாய நிகழ்ச்சிகள் மெய்யாக நடந்திருத்தல் அவருக்கு இன்றியமையாததாயிற்று. ஆனால், 1952 முதல் 1958 வரை எரிகோவை அகழ்ந்த கேத்லீன் கென்யன், யோசுவா காலத்ததெனக் கருதப்பட்ட மதில் பல நூற்றாண்டுகள் முற்பட்டதென நிறுவினார்.

பின்னர், ரைட்டின் மாணவரான வில்லியம் டீவரே 'விவிலியத் தொல்லியல்' என்னும் பெயரைக் கைவிடுமாறு வாதிட்டார். ஆசிரியர் தந்த முறையைக் கொண்டே அவர்தம் கொள்கையை மாணவர் ஆராய்ந்தார். கல்விக்கு அதுவும் பெருமையே.