நீல முட்டையும் தூய இனமும்: அரொக்கானாக் கோழியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு கோழி இனம் 'தூயது' எனப்படும்போது, அத்தூய்மையை வரையறுப்பவர் யார் என்னும் வினா பொதுவாக எழுப்பப்படுவதில்லை. இயற்கையே வகுத்துவைத்த எல்லை அதுவெனக் கருதுவதே வழக்கம். ஆயின், நீல நிற முட்டையிடும் அரொக்கானாக் கோழியின் வரலாற்றை ஆராயுமிடத்து, தூய இனம் என்பது குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட மனிதர் செய்த தெரிவுகளின் விளைவே என்பது புலனாகும். அத்தெரிவுகளுக்கு ஒரு விலையும் இருந்தது.

இன்றைய சிலி நாட்டின் தென்பகுதியை நெடுங்காலமாகத் தாயகமாகக் கொண்டவர்கள் மப்பூச்சே மக்கள். இவர்களை அரொக்கானியர் என அழைத்தவர்கள் ஸ்பானியர். ஸ்பானியப் படையெடுப்பை நீண்டகாலம் எதிர்த்து நின்ற இம்மக்களோடு, 1641 ஆம் ஆண்டு கிலின் என்னுமிடத்தில் ஸ்பானியர் உடன்படிக்கை செய்துகொண்டு, பியோபியோ ஆற்றை எல்லையாக ஏற்றனர். பின்னர் சுதந்திரம் பெற்ற சிலிக் குடியரசு, 1861 ஆம் ஆண்டுக்கும் 1883 ஆம் ஆண்டுக்கும் இடையில் படைபலத்தால் இந்நிலத்தைத் தன்வசப்படுத்தியது. மப்பூச்சே முற்றங்களில் வளர்ந்த கோழிகள் வெளியுலகக் கோழி வளர்ப்போரின் கவனத்தைப் பெற்றதும் ஏறத்தாழ இக்காலத்தை ஒட்டியே ஆகும். கோழிக்கு நிலைத்த பெயர் அதனை வளர்த்தவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று; அவர்களை வெல்ல முனைந்தவர்கள் இட்ட பெயரே என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

அக்கோழிகளுள் இருவகையின முக்கியமானவை. 'கொல்லொங்கா' எனப்பட்டது வாலற்றது, நீல முட்டையிடுவது. 'கெத்ரோ' எனப்பட்டது வாலுடையது. காதருகே இறகுக் குஞ்சங்களைக் கொண்டது. சிலியைச் சேர்ந்த ரூபன் புஸ்தோஸ் என்பவர் இவ்விரண்டையும் கலந்து, வாலின்மை, காதுக் குஞ்சம், நீல முட்டை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த கோழிகளைப் பல ஆண்டுகள் முயன்று உருவாக்கினார். 1914 ஆம் ஆண்டு சிலிக்குச் சென்ற ஸ்பானியக் கோழி வளர்ப்பு நிபுணர் சல்வடோர் கஸ்தெல்யோ இவற்றைக் கண்டு வியந்தார். 1921 ஆம் ஆண்டு ஹேக் நகரில் நடைபெற்ற முதலாவது உலகக் கோழி வளர்ப்பு மாநாட்டில், இவை இதுவரை அறியப்படாத தனியொரு சாதியெனக் கூறி, 'காலஸ் இனோரிஸ்' என்ற பெயரை முன்வைத்தார். இலத்தீனில் 'இனோரிஸ்' என்பது காதணியைக் குறிக்கும். நீல முட்டையைக் கண்டு வியந்தவர் பெயரிடும்போது காதுக் குஞ்சத்தையே பற்றிக்கொண்டார். 1924 ஆம் ஆண்டு பார்சலோனா மாநாட்டில் அவரே தமது கருத்தைத் திருத்தினார். எனினும், முதற் கூற்றுப் பரவிய வேகம் திருத்தத்துக்கு வாய்க்கவில்லை.

முட்டையின் நிறத்தைப் பிறப்புரிமையியல் அடிப்படையில் விளக்கியவர் ஆங்கிலேய அறிஞர் ரெஜினால்ட் பன்னெற் ஆவார். நீல நிறம் ஒரே பரம்பரையலகினால் தீர்மானிக்கப்படுவது என்பதையும், அது வெள்ளை நிறத்தின்மேல் ஆட்சியுடையது என்பதையும் 1933 ஆம் ஆண்டு அவர் வெளியிட்டார். கபில நிறம் பெரும்பாலும் ஓட்டின் புறத்தே படிவது. நீல நிறப்பொருளோ ஓடு முழுவதிலும் ஊடுருவி நிற்பது. ஆதலால் ஓட்டின் உட்புறமும் நீலமாகவே தோன்றும். நீல ஓட்டின்மேல் கபிலம் படியுமாயின் முட்டை பச்சையாகத் தெரியும்.

முட்டையிடும் பேட்டின் தகுதியை அதன் முட்டையே கூறிவிடும். சேவலின் தகுதியை அறிவது எவ்வாறு? இதற்கு வளர்ப்போர் கையாண்ட வழிகள் இரண்டு. முதலாவது, வெள்ளை முட்டையிடும் பேடுகளோடு சேவலைச் சேர்த்து, பிறக்கும் பெண் குஞ்சுகள் வளர்ந்து இடும் முட்டைகளை நோக்குவது. அவை யாவும் நீலமாயின், சேவல் அப்பண்பைத் தந்தை, தாய் இருவழியிலும் பெற்றதென்று கொள்ளலாம். ஏறக்குறையப் பாதியே நீலமாயின் ஒருவழியில் மட்டும் பெற்றதாகும். இரண்டாவது வழி கொண்டையைப் பார்ப்பது. தென் அமெரிக்க வழிவந்த கோழிகளில் நீல முட்டைப் பரம்பரையலகும் பட்டாணிக் கொண்டைப் பரம்பரையலகும் ஒரே நிறமூர்த்தத்தில் அருகருகே அமைந்து, பெரும்பாலும் சேர்ந்தே கடத்தப்படுகின்றன. இவ்விணைப்பு 1939 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. முதல்வழி காலம் பிடிப்பது, ஆனால் உறுதியானது. இரண்டாவது எளிது, ஆனால் சிலவேளை ஏமாற்றுவது.

இத்தகைய மதிப்பீடு வளர்ப்போனின் முற்றத்துக்குரியது. கண்காட்சிக் கூண்டின் முன் நிற்கும் நடுவருக்குக் காட்சி தருவது பறவையின் தோற்றமே. அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் 1976 ஆம் ஆண்டு அரொக்கானாவை அங்கீகரித்தபோது, வாலின்மையும் காதுக் குஞ்சமும் அவ்வினத்தின் அடையாளங்களாக விதிக்கப்பட்டன. அதே காதுக் குஞ்சம் கொல்லும் தன்மையுடைய பண்பு என்பதை 1981 ஆம் ஆண்டு ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். இரு பெற்றோரிடமிருந்தும் அப்பரம்பரையலகைப் பெற்ற முளையம் ஓட்டுக்குள்ளேயே இறந்துவிடுகிறது. ஆகவே, குஞ்சமுடைய சேவலையும் பேட்டையும் சேர்ப்பின், முளையங்களுள் நாலிலொன்று இதனாலேயே அழியும்; பாதி குஞ்சமுடையனவாகவும் எஞ்சிய நாலிலொன்று குஞ்சமற்றனவாகவும் அமையும். வாலின்மையும் கருவுறுதலைக் குறைக்கவல்லது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு வியப்புக்குரியது. உயிரோடு நடமாடும் குஞ்சமுடைய கோழி எதுவாயினும், அப்பண்பை ஒருவழியில் மட்டும் பெற்றதாகும். எனவே, தூய இனத்தின் சின்னமென விதிக்கப்பட்ட பண்பு ஒருபோதும் தூயதாக வழிவழி வரமுடியாத ஒன்றாகும். வழுவாது வழிவழி வரக்கூடிய நீல முட்டையோ கூண்டில் நிற்கும் பறவையைப் பார்த்து அறியக்கூடியதன்று. வளர்ப்போர் குஞ்சமற்ற கோழிகளையும் இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்க நேர்ந்தது. கண்காட்சி விதி விலக்கிய பறவையையே அவ்வினத்தின் நிலைபேறு நம்பியிருந்தது.

ஒரே மூலத்திலிருந்து வேறு இனங்களும் வகுக்கப்பட்டன. குஞ்சத்தை விலக்கி, தாடியும் வாலும் உடைய நீல முட்டைக் கோழிகளைத் தெரிந்தெடுத்தோர் அவற்றுக்கு 'அமெரொக்கானா' எனப் பெயரிட்டனர். அதே சங்கம் 1984 ஆம் ஆண்டு அவற்றை ஏற்றது. பிரித்தானியாவிலோ வாலும் தாடியும் உடையவையே அரொக்கானா என்ற பெயரைப் பெற்றன. அத்திலாந்திக் கடலின் ஒரு கரையில் தகுதியாக இருந்த வால், மறுகரையில் குற்றமாயிற்று.

நீல முட்டையின் தோற்றம் பற்றியும் நீண்ட விவாதம் நிகழ்ந்துள்ளது. 2007 ஆம் ஆண்டு, சிலியின் எல் அரெனால் என்னுமிடத்தில் கிடைத்த கோழி எலும்பு கொலம்பசுக்கு முற்பட்டதென ஆய்வாளர் சிலர் கூறினர். பொலினீசியர் கடல்வழி கொணர்ந்த கோழியின் சான்றாக அதனைக் கொண்டனர். பின்வந்த ஆய்வுகள் இதனை மறுத்துரைத்தன. 2013 ஆம் ஆண்டு வெளியான ஆய்வுகள், பண்டைய வைரசு ஒன்றின் கூறு கோழியின் பரம்பரைப் பொருளுள் புகுந்ததே நீல நிறத்துக்குக் காரணம் எனக் காட்டின. சீனக் கோழிகளிலும் அரொக்கானாவிலும் அது புகுந்த இடம் வெவ்வேறாதலின், இரு நிகழ்ச்சிகளும் தனித்தனியே ஏற்பட்டவை என்பது தெளிவாயிற்று.

இவ்வாறு நோக்குமிடத்து, நீல முட்டை மப்பூச்சே முற்றங்களில் எவ்விதிநூலும் இன்றியே பேணப்பட்டு வந்த பண்பு என்பது தெளிவாகும். அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களுள் எவரது பெயரும் இனத்தின் வரலாற்றில் இடம்பெறவில்லை. பின்னர் வந்த விதிநூல்கள் அலங்காரத்தை அடையாளமாக்கின. அதன் விலையை ஓட்டுக்குள் இறந்த முளையங்கள் செலுத்தின. 'தூய்மை' என்னும் சொல் கோழியைப் பற்றியதாயினும் வேறெதைப் பற்றியதாயினும், அதனை வகுத்தவர் யார், அதனால் விலக்கப்பட்டது எது என்று வினவுதல் வரலாற்று மாணவர்தம் கடமையாகும்.