தெர்மாகோல் இறக்கையும் நம்ம மண்டையோடும்

வானத்துல குட்டிக்கரணம் அடிக்கிற ரிமோட் விமானத்தை ஃபோம் இறக்கை தாங்குமா?

தாங்கும். உங்க மண்டையோட்டையே எடுத்துக்கோங்க. வெளியே ஒரு கெட்டி எலும்பு, உள்ளே ஒரு கெட்டி எலும்பு, நடுவுல பஞ்சு மாதிரி எலும்பு. இந்த இறக்கையும் அப்படித்தான். நடுவுல ஃபோம், மேலேயும் கீழேயும் மெல்லிய பால்சா மரத்தகடு. பாரத்தைத் தாங்குறது தகடு. ரெண்டு தகடும் நெருங்காம, மடங்காம பிடிச்சு வைக்கிறது ஃபோம்.

1940ல் முதன்முதலா பறந்த பிரிட்டனின் மஸ்கிட்டோ போர் விமானத்தின் உடலும் இதே அமைப்புதான்: ரெண்டு ஒட்டுப்பலகைக்கு நடுவே பால்சா.

பிறகு நடுவுக்கு ஃபோம் வந்தது. மாடல் விமானக்காரர்கள் ஃபோம் கட்டியின் இரு முனையிலும் அச்சுத்தகடு வைத்து, சூடான கம்பியால் அறுப்பார்கள். கம்பிக்கு ஆளுக்கொரு முனை. தகட்டில் குறித்த எண்களை ஒருவர் சத்தமாகச் சொல்லணும், அடுத்தவர் அதே கணக்கில் நகர்த்தணும். (எங்க ஆபரேஷன் தியேட்டர் மாதிரியே!)

மாடல் விமானம் செய்து வளர்ந்த அமெரிக்கர் பர்ட் ரூட்டன், மனுஷன் உட்கார்ந்து பறக்கிற வேரிஈஸி விமானத்துக்கே இப்படி இறக்கை அறுத்தார். மேலே கண்ணாடி இழையும் எபாக்சியும். 1975 மே மாதம் அது பறந்தது. வீட்டிலேயே கட்டிக்கோங்கன்னு வரைபடமும் விற்றார்.

இங்கேதான் டாக்டரா நான் குறுக்கே வர்றேன். இறக்கைக்குப் பாலிஸ்டைரீன் ஃபோம். ஆனா அதைப் பெட்ரோல் கரைச்சிடும். அதனால டேங்க் பகுதிக்கு யூரித்தேன் ஃபோம். யூரித்தேன்ல நைட்ரஜன் இருக்கு. சூட்டுக் கம்பி பட்டா ஹைட்ரஜன் சயனைடு வரலாம். அதைக் கத்தியாலும் உப்புத்தாளாலும் மட்டும்தான் செதுக்கணும். பாலிஸ்டைரீன் புகையும் நல்லதில்லை, ஜன்னலைத் திறந்து வைங்க.

கையில இருக்கிறது எந்த ஃபோம்னு தெரியலையா? கம்பியைச் சூடாக்காதீங்க.