கைமாறிய கிதார்

"பழைய வாத்தியம் விற்பனைக்கு" என்ற விளம்பரத்தைக் கண்டால் நாம் முதலில் விலையைத்தான் கேட்கிறோம். அது யார் யார் கையில் இருந்தது என்று கேட்பவர் அபூர்வம். ஆனால் சில பொருள்களுக்கு அந்தக் கைகள்தாம் விலை.

அமெரிக்காவில், மிச்சிகன் மாகாணத்துக் கலமஸூ நகரில், கிப்ஸன் கம்பெனியார் 1958 முதல் 1960 வரை ஒரு மின்சாரக் கிதாரைச் செய்தார்கள். லெஸ் பால் என்ற வித்வானின் பெயரைத் தாங்கிய வாத்தியம். நடுவில் மஞ்சள், ஓரத்தில் சிவப்பு. அஸ்தமன வானத்தைப் போன்ற வர்ணம். விலை 300 டாலருக்கும் குறைவு. ஆயினும் வாங்குவார் அதிகமில்லை. கனம் அதிகம், பழைய பாணி என்று ஒதுக்கிவிட்டார்கள். 1961-இல் கம்பெனியார் அந்த உருவத்தையே கைவிட்டு, மெல்லிய உடலுள்ள வேறொன்றுக்கு மாறினார்கள்.

குன்றிமணி குப்பையில் கிடந்தாலும் நிறம் போகாது என்பார்கள். இந்தக் கிதார்களுக்கோ நிறமும் போயிற்று. வெயில் பட்டுச் சிவப்புச் சாயம் வெளுத்தது. வேடிக்கை என்னவென்றால், இன்று சேகரிப்போர் அந்த வெளுப்புக்காகவே பணத்தைக் கொட்டுகிறார்கள்!

தலைவிதி மாறியது லண்டனில். 1966-இல் ஜான் மேயால் குழுவின் இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் இத்தகைய கிதாரை வாசித்தார். உடனே ஆங்கில இளைஞர்கள் பழைய சாமான் கடைகளில் அதைத் தேட ஆரம்பித்தார்கள். கிளாப்டனுக்குப் பின் அந்தக் குழுவில் சேர்ந்த பீட்டர் கிரீனிடம் 1959-ஆம் வருஷத்துக் கிதார் ஒன்று இருந்தது. அதில் ஒரு காந்தம் திசை மாறி அமைந்திருந்தது. ஒலி வாங்கிகள் இரண்டையும் சேர்த்து இயக்கினால், ஒன்றின் ஒலியை மற்றொன்று ஓரளவு விழுங்கிவிடும். மிஞ்சுவது மூக்கால் விம்முவது போன்ற ஒரு நாதம். குறைதான், ஆனால் அந்தக் குறையே அவருடைய குரலாயிற்று.

1970-இல் கிரீன் தம் ஃபிளீட்வுட் மாக் குழுவை விட்டு விலகினார். பிறகு அந்தக் கிதாரையும் விற்க நினைத்தார். பெல்பாஸ்டிலிருந்து வந்த இளைஞர் காரி மூரிடம் போதிய பணம் இல்லை. உன் கிதாரை விற்றுக் கிடைப்பதைக் கொடுத்தால் போதும் என்றார் கிரீன். அப்படியே வியாபாரம் முடிந்தது. வாங்குபவனின் சக்தியை வைத்து விலையை நிர்ணயித்த வியாபாரி உலகத்தில் எத்தனை பேர்?

மூர் அந்தக் கடனை வேறு விதமாகத் தீர்த்தார். 1995-இல் கிரீனின் பாடல்களையே அதே கிதாரில் வாசித்து, "புளூஸ் ஃபார் கிரீனி" என்ற இசைத்தட்டை வெளியிட்டார். ஆனால் 2006-இல் அவரும் அதை விற்க நேர்ந்தது. அதன்பின் வியாபாரிகள் லட்சக்கணக்கான டாலர் சொன்னார்கள். 2014-இல் மெட்டாலிகா குழுவின் கிர்க் ஹாமெட் வாங்கினார்.

மூர் 2011-இலும், கிரீன் 2020-இலும் காலமானார்கள். ஹாமெட் கிதாரைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைக்கவில்லை, மேடையில் வாசிக்கிறார். எந்த விலை நியாயமானது என்று என்னைக் கேட்டால், முதல் விலையைத்தான் சொல்வேன். லட்சங்கள் மரத்துக்கும் புகழுக்கும் கொடுத்தவை. கிரீன் பார்த்ததோ, வாசிக்கத் தெரிந்த கையை.