விருந்தும் வேந்தும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் ‘ஜப்பான்காரன் காலம்’ என்னும் தொடர் முதியோரிடையே இன்றும் வழங்குகின்றது. சயாம் - பர்மா இருப்புப்பாதை அமைப்பதற்காக 1943ஆம் ஆண்டில் மலாயாத் தோட்டங்களினின்றும் பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர், மீளாதோர் பலர். எம் பள்ளியில் பயின்ற பெண்ணொருத்தி, பண்பாட்டுப் பரிமாற்றத்தின்பொருட்டு ஜப்பானியக் குடும்பமொன்றில் தங்கத் தேர்வானாள். அவள் பாட்டியார் என்னிடம் வந்து, “வாத்தியாரையா, எங்கப்பாவைச் சயாமுக்குக் கொண்டுபோனவங்க வீட்டிலயா பிள்ளை சோறு திங்கணும்?” என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன வரலாற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

1912 டிசம்பர் 23 அன்று தில்லியில் ஹார்டிஞ்சுப் பிரபுவின்மீது குண்டு வீசப்பட்ட வழக்கில் தேடப்பட்டவர் ராஷ் பிகாரி போஸ். அவர் 1915இல், தாகூரின் உறவினர் எனப் பொய்ப்பெயர் பூண்டு ஜப்பான் சேர்ந்தார். ஜப்பான் அன்று பிரிட்டனின் நட்பு நாடு. பிரிட்டன் வற்புறுத்தவே, டிசம்பர் 2ஆம் நாளுக்குள் அவர் வெளியேற வேண்டுமென ஆணை பிறந்தது.

டோக்கியோவின் ஷின்ஜுகுப் பகுதியில் ‘நாகமுராயா’ என்னும் ரொட்டிக் கடை நடத்திய சோமா ஐசோவும் அவர் மனைவி கொக்கோவும் இதனைச் செய்தித்தாளில் படித்தனர். முன்பின் அறியாத அவரைக் கடைக்குப் பின்னிருந்த ஓவியக் கூடத்தில் மறைத்து வைத்தனர். பணியாளரும் வாய் திறந்தாரல்லர். ஆங்கிலம் அறிந்த கொக்கோ அம்மையாரே அவருக்குப் பேச்சுத்துணை. சில திங்களில் ஆணை நெகிழ்ந்தது. ஒற்றர் தொல்லையோ தீரவில்லை. 1918இல் தம் மகள் தோஷிகோவையே அவருக்கு மணம் முடித்தனர். வீடு மாறி வீடு மாறி வாழ்ந்த அவ்வம்மையார் 1925இல் மறைந்தார். ஆயினும் உறவு அறவில்லை. 1927இல் அக்கடையோடு சிற்றுண்டிச்சாலை திறந்தபோது, போஸ் கற்பித்த இந்தியக் கறிச்சோறு அங்கே பரிமாறப்பட்டது. அக்கறி இன்றும் அக்கடையின் பெயரோடு இணைத்தே பேசப்படுகின்றது.

இந்திய சுதந்திரச் சங்கத் தலைமையை 1943 ஜூலை 4 அன்று சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தவரும் இவரே. தோட்டத் தமிழர் பலர் அப்படையில் சேர்ந்தனர். அதே ஆண்டில், அதே தோட்டங்களினின்று, மக்களைச் சயாமுக்குக் கொண்டு சென்றதும் அவர் நம்பிய ஜப்பானிய அரசே. இதனை மறைத்தல் வரலாறாகாது. போர் அவர் குடும்பத்தையும் விடவில்லை. மகன் மசாஹிதே 1945இல் ஒகினாவாப் போரில் மாண்டார்.

வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார், அரசியலில் வைத்திலர். 1915இல் அரசு வெளியேற்ற முனைந்தவரை ஓர் இல்லம் ஏற்றுக்கொண்டது. அரசின் பழியை இல்லத்தின்மேல் ஏற்றலும் முறையன்று. இல்லத்தின் அறத்தைக் காட்டி அரசின் பழியைத் துடைத்தலும் முறையன்று.

பாட்டியார் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “போய் வரட்டும் வாத்தியாரையா, எங்கப்பா கதையையும் அந்த வீட்டுல சொல்லச் சொல்லுங்க” என்றார். இரண்டையும் சொல்லுதலே வரலாறு கற்பிப்போர் கடன்.