ஒப்புதல் படிவத்தில் யாருடைய கையொப்பம்? மருந்துப் பரிசோதனையும் நீலகிரித் தொழிலாளரும்

புதிய மருந்தையோ தடுப்பூசியையோ மனித உடலில் சோதிக்கும்போது, அதன் நோக்கம், ஆபத்து, வேறு சிகிச்சை வழிகள் ஆகியவற்றைத் தம் மொழியில் அறிந்து, மறுக்கும் உரிமையோடு ஒருவர் அளிக்கும் இசைவே தகவலறிந்த ஒப்புதல். மறுக்க இயலாதவர் தரும் கையொப்பம் ஒப்புதலாகாது. கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் இடையே சாதியும் கூலியும் நிற்கும் இடங்களில் இதுவே முதற்கேள்வி.

நீலகிரியின் தேயிலைத் தோட்டங்கள் அத்தகைய இடங்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு இங்கே கூலிகளானோரில் கணிசமானோர் தலித்துகள். மருத்துவ வசதியை வழங்கும் கடமையை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் மீது சுமத்தியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நோய்க்கால உதவித்தொகைக்கு மருத்துவச் சான்று வேண்டும்; அதைத் தருபவர் பல தோட்டங்களில் நிர்வாகத்திடம் சம்பளம் பெறும் மருத்துவர். அவர் நீட்டும் தாளை மறுக்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'உபாசி' என்னும் தோட்ட அதிபர்கள் சங்கம் 1971இல் நீலகிரியின் மூன்று தோட்டங்களில் ஒரு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பெண் தொழிலாளி கருவுறாத ஒவ்வொரு மாதத்திற்கும் அவர் பெயரில் 5 ரூபாய் சேமிக்கப்படும். பிள்ளைகள் பெருகினால் சேமிப்பின் ஒரு பகுதி பறிபோகும். இது மருந்துப் பரிசோதனை அன்று. ஆயினும் ஒரு பெண்ணின் கருவுறுதல் முதலாளியின் கணக்கேட்டில் வரவு செலவாகப் பதிவானது. அந்தரங்கம் என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை.

மருந்துத் துறையில் இதன் கொடிய வடிவத்தை 2009இல் கம்மம் காட்டியது. 'பாத்' என்னும் அமெரிக்க நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஆந்திரத்தின் கம்மம், குஜராத்தின் வடோதரா மாவட்டங்களில் 10 முதல் 14 வயதுச் சிறுமியருக்கு எச்.பி.வி. தடுப்பூசி செலுத்தின. கம்மத்தில் பலர் பத்ராசலம் பகுதியின் பழங்குடி விடுதி மாணவியர். ஏழு சிறுமியர் இறந்த பின் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அவ்விறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை என்றது அரசின் விசாரணைக் குழு. அக்கூற்றை ஏற்றாலும் ஒப்புதல் குறித்த கேள்வி நீங்காது. நாடாளுமன்ற நிலைக்குழுவின் 2013ஆம் ஆண்டு அறிக்கையின்படி, ஆந்திரத்தின் 9,543 படிவங்களில் 2,763இல் கையொப்பமிட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். 1,948இல் இருந்தவை வெறும் கைநாட்டுகள். கூடலூர், பந்தலூர்ப் பழங்குடிப் பிள்ளைகளும் உண்டு உறைவிடப் பள்ளிகளில்தான் பயில்கின்றனர் என்பதை நினைவிற்கொள்க.

இந்தூரின் சுவாஸ்திய அதிகார் மஞ்ச் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த அழுத்தத்தால், ஒப்புதல் பெறுவதை ஒலி–ஒளிப் பதிவு செய்வது 2013இல் கட்டாயமாயிற்று. 2015இல் அது சுருங்கியது. இன்று நடைமுறையிலுள்ள 2019ஆம் ஆண்டு விதிகளும், எளிதில் பாதிக்கப்படக்கூடியோர் மீது புதிய மூலக்கூறு மருந்துகளைச் சோதிக்கும்போது மட்டுமே அப்பதிவைக் கோருகின்றன. மற்றவற்றில் தாளே சாட்சி. எழுத்தறியாதவர் எனில் நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருந்து கையொப்பமிட வேண்டும். மேஸ்திரியையோ காப்பாளரையோ நடுநிலையாளர் என்று கொள்ள முடியாது. படிவத்தின் நகல் பங்கேற்பவருக்கு உரியது. தம் பதிவேடுகளை எவரெவர் காண்பர் என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும். விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக்கூடாது.

இரத்த மாதிரிக்கும் இதே அளவுகோல் வேண்டும். சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் உயிரணுக் கூறு இந்தியாவில் உண்டென்று 1952இல் லேமனும் கட்புஷும் முதன்முதலில் அறிவித்தது நீலகிரி மக்களின் இரத்தத்தைக் கொண்டுதான். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய ஒழிப்பு இயக்கம் பரிசோதனை முடிவை அட்டையாக வழங்குகிறது. சிகிச்சைக்கு அது தேவையே. ஆனால் ஒருவர் நோய்க் கடத்தி என்ற செய்தி அவருடைய உடன்பிறந்தோரின் திருமணப் பேச்சு வரை செல்லும். எனவே முடிவை வகுப்பறையிலோ ஊர்க்கூட்டத்திலோ அறிவிக்காமல் தனியே தெரிவிக்குமாறு முகாமிலேயே கோர வேண்டும்; அதே இரத்தம் பின்னர் ஆய்வுக்குச் செல்லுமானால், அதற்கெனத் தனி ஒப்புதல் கேட்கப்பட வேண்டும்.